பாம்பு, சீப்பு, கண்ணாடி

ஸ்காட்லாந்தின் கிழக்கில் ஆங்கஸ் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. மாடு வளர்ப்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். 'அபர்டீன் ஆங்கஸ்' என்ற கறுப்பு மாட்டினத்தின் பெயரில் பாதி இந்த ஊர்ப்பக்கத்திலிருந்து வந்ததுதான். ஃபோர்ஃபர் என்ற சிறு நகரத்திலிருந்து பிரீக்கின் நோக்கி வடகிழக்காகப் போனால் பத்து கிலோமீட்டரில் அபர்லெம்னோ வரும். ஒரு தேவாலயம், கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் பண்ணைகள். அவ்வளவுதான் ஊர். சாலையோரத்தில் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய தாழ்ந்த மதில் ஓடுகிறது. அதை ஒட்டி, மைல்கல் போல, மூன்று கற்கள் நிற்கின்றன. நான்காவது கல் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். இதில் எதற்கும் டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஆயிரத்துச் சொச்சம் வருடப் பழைய சிற்பத்துக்கு முன்னால் போய் நிற்கலாம்.

ஆனால் வெயில்காலத்தில் போக வேண்டும். இலையுதிர்காலம் வந்ததும் ஒவ்வொரு கல்லுக்கும் அளவெடுத்துச் செய்த மரப்பெட்டியை மேலே கவிழ்த்து மூடிவிடுகிறார்கள். வசந்தம் வந்தபின்தான் திறப்பார்கள். இந்தக் கற்கள் மணற்பாறை. மழைநீர் துளைகளுக்குள் இறங்கி, இரவில் பனிக்கட்டியாக உறைந்து, விரிந்து, மேல்தோலைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. தெரியாமல் டிசம்பரில் போகிறவர்கள் வயல்வெளி நடுவே நிற்கும் பெரிய மரப்பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சாலையோரக் கற்களில் பழையது ஆளுயரத்துக்கு நிற்கும் ஒரு கரடுமுரடான பாறை. யாரும் அதை இழைத்துச் சதுரமாக்கவில்லை. அதன் ஒரு முகத்தில் மேலே நெளிந்து கிடக்கும் ஒரு பாம்பு. அதற்குக் கீழே இரண்டு வட்டத்தட்டுகள். நடுவில் ஒரு பட்டை அவற்றை இணைக்கிறது, குறுக்கே 'இசட்' எழுத்துபோல உடைந்த ஒரு கோல். அடியில் ஒரு கைக்கண்ணாடியும் சீப்பும். கோடுகள் ஆழமில்லை, ஆனால் தயக்கமே இல்லாதவை. பாம்பின் வளைவைப் போட்டவன் அதை முதல்முறை போடவில்லை என்பது பார்த்தவுடன் தெரியும். பின்பக்கம் போனால் இன்னொரு விஷயம். கல்லின் அடிப்பகுதியில் சின்னச் சின்னக் கிண்ணக் குழிகள். அவை பாம்பைச் செதுக்கிய மக்களுடையவை அல்ல. அவர்களுக்கும் பல ஆயிரம் வருடம் முந்தைய, வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தவர்கள் கொத்தியவை. அதாவது பாம்புக்காரர்கள் வந்தபோதே அது ஒரு புராதனக் கல். ஏற்கெனவே யாரோ கும்பிட்டதை எடுத்துத்தான் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பாம்புக்காரர்களைத்தான் பிக்டுகள் என்கிறோம். அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. பொ.ஆ. 297-இல் ஒரு ரோமானியப் பேச்சாளர் சக்கரவர்த்தியைப் புகழ்ந்து ஆற்றிய உரையில் முதன்முதலாக 'பிக்டி' என்ற சொல் வருகிறது. லத்தீனில் 'வண்ணம் பூசியவர்கள்' என்று பொருள். எல்லைக்கு அப்பால் இருந்துகொண்டு தொல்லை கொடுத்த வடக்கத்தியர்கள் எல்லோருக்குமாக ரோமானியப் படைமுகாம்களில் புழங்கிய பட்டப்பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு ரோம் பிரிட்டனை விட்டுப் போனது, அந்த வடக்கில் அரசுகள் உருவாயின, அரசர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள், மடங்கள் கட்டினார்கள். பத்தாம் நூற்றாண்டு தொடங்கும்போது 'பிக்டுகளின் அரசன்' என்ற பட்டம் ஆண்டுக்குறிப்புகளிலிருந்து காணாமல் போய், 'ஆல்பாவின் அரசன்' என்பது வருகிறது. மொழியும் போனது. வேல்ஸ் மொழிக்குச் சொந்தக்காரியான ஒரு கெல்டிய மொழி அது. மேற்கிலிருந்து வந்த கேலிக் அதை விழுங்கிவிட்டது. மிச்சம் இருப்பவை ஊர்ப்பெயர்கள். 'அபர்' என்றால் ஆறு கலக்குமிடம், கழிமுகம். அபர்டீன், அபர்லெம்னோ என்று அந்த மொழியின் சொல்லை இன்றும் பேருந்துப் பலகையில் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓர் அரச வம்சாவளிப் பட்டியல், சில கல்வெட்டுகள் தவிர, பிக்டுகள் தங்களைப் பற்றி எழுதியதாக எதுவும் மிஞ்சவில்லை. ஒரு கதை இல்லை, பாட்டு இல்லை, சட்டம் இல்லை. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்: ரோமானியர்கள், அயர்லாந்துத் துறவிகள், முக்கியமாகத் தெற்கே இருந்த ஆங்கிலேய நார்தம்பிரியாவின் பீட் என்ற பாதிரியார். பக்கத்து வீட்டுக்காரன் எழுதும் நம் வரலாறு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்தக் கற்களின் மேல் இவ்வளவு பேர் விழுந்து புரள்கிறார்கள். பிக்டுகள் தங்கள் கையால் சொன்னது இது ஒன்றுதான்.

1903-இல் ரோமிலி ஆலன், ஜோசப் ஆண்டர்சன் என்ற இருவர் ஸ்காட்லாந்தின் தொல்கிறிஸ்தவச் சின்னங்களையெல்லாம் தொகுத்துப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்கள். கற்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். இழைக்காத பாறையில் குறியீடுகள் மட்டும் இருந்தால் முதல் வகை. இழைத்த பலகையில் ஒருபக்கம் சிலுவையும் கூடவே குறியீடுகளும் இருந்தால் இரண்டாவது. சிலுவை உண்டு, குறியீடு இல்லை என்றால் மூன்றாவது. வகைப்பாட்டில் ஓட்டைகள் உண்டு, எல்லோரும் திட்டுவார்கள், ஆனாலும் இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே புரியும்.

பாம்புக்கல் முதல் வகை. சாலையோரத்தின் பெரிய கல் இரண்டாம் வகை, ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். முன்பக்கம் சிலுவை, இருபுறமும் தலைகுனிந்த தேவதூதர்கள் கையில் புத்தகத்தோடு நிற்கிறார்கள். பின்பக்கம் மேலே இரண்டு பிக்டியக் குறியீடுகள், அதன் கீழே ஒரு வேட்டை. குதிரைவீரர்கள், நாய்கள், ஓடும் மான்கள், கொம்பு ஊதுபவர்கள். ஒரு மூலையில் குதிரையுடல்கொண்ட மனிதன், இன்னொரு மூலையில் சிங்கத்தின் வாயைக் கிழிக்கும் தாவீது. பைபிளும் கிரேக்கப் புராணமும் உள்ளூர்க் குறியீடும் ஒரே பலகையில். இதை ஒதுக்குப்புறமான காட்டுமிராண்டிக் கூட்டத்தின் வேலை என்று இனி யாரும் சொல்ல முடியாது. புத்தகம் படித்தவர்களோடு பழகிய ஒரு பட்டறையின் வேலை இது.

சரி, கல்லறைத் தோட்டத்துக் கல்லுக்கு வருவோம். அபர்லெம்னோவின் பெயரை உலகத்துக்குச் சொன்னது அதுதான்.

இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம். மேல்பகுதியில் பிற்காலத்தில் எவனோ ஒருவன் ஆரபாரத் துளையிட்டிருக்கிறான். முன்பக்கம் பின்னல் வேலைப்பாடு நிறைந்த சிலுவை. பின்பக்கம் மேலே குறியீடுகள், கீழே மூன்று வரிசையில் ஒரு போர். படக்கதை போலவே மேலிருந்து கீழாகப் பார்க்கலாம். முதல் வரிசையில் ஒரு குதிரைவீரன் தப்பித்து ஓடுகிறான். தலையில் மூக்குக்காப்பு வைத்த இரும்புத் தொப்பி; கேடயமும் வாளும் கீழே விழுந்துவிட்டன. தொப்பியில்லாத, நீளமுடிக்காரன் ஒருவன் வாளோடு அவனைத் துரத்துகிறான். இரண்டாவது வரிசையில் தொப்பி அணிந்த குதிரைவீரன் வேகமாக வருகிறான். எதிரே தரைப்படை வீரர்கள் மூவர். முதலாமவனிடம் வாளும் கேடயமும். அவனுக்குப் பின்னால் நிற்பவன் ஒரு நீள ஈட்டியை முன்னால் இருப்பவனைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறான். மூன்றாமவன் தன் முறைக்காக ஈட்டியோடு காத்திருக்கிறான். குதிரைப்படையைக் காலாட்படை எப்படி நிறுத்த வேண்டும் என்ற பாடம் அப்படியே இருக்கிறது. கடைசி வரிசையில் இரண்டு குதிரைவீரர்கள் நேருக்கு நேர். ஓரத்தில் தொப்பிக்காரன் ஒருவன் விழுந்து கிடக்கிறான், ஒரு பறவை அவன் கழுத்தைக் கொத்துகிறது.

தொப்பி போட்டவர்கள் தோற்கிறார்கள், போடாதவர்கள் ஜெயிக்கிறார்கள். இதுதான் கல்லின் கதை. யார் அந்தத் தொப்பிக்காரர்கள்?

1982-இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் காப்பர்கேட் என்ற இடத்தில் ஒரு கடைத்தொகுதிக்காகத் தோண்டியபோது எட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தலைக்காப்பு ஒன்று கிடைத்தது. உருண்டை முகடு, நீண்ட மூக்குக்காப்பு, கழுத்தை மறைக்கும் இரும்புவலை. யார்க் அன்று நார்தம்பிரியாவின் நகரம். அபர்லெம்னோக் கல்லில் தோற்றவர்கள் தலையில் இருப்பது ஏறக்குறைய அதேதான். 1985-இல் கிரேம் குரூக்ஷாங்க் என்ற ஆய்வாளர் இந்தக் கல்லையும் ஒரு குறிப்பிட்ட போரையும் சேர்த்து எழுதினார். அந்தப் போர் நடந்தது 685, மே 20. வேண்டுமென்றே வைத்த மாதிரி சரியாக 1300-ஆவது ஆண்டு.

போரைப் பற்றி பீட் எழுதியிருக்கிறார். நார்தம்பிரியாவின் அரசன் எக்ஃப்ரித், கத்பர்ட் முதலிய நண்பர்கள் தடுத்தும் கேளாமல், பிக்டுகளின் நாட்டை அழிக்கப் படையெடுத்துப் போகிறான். எதிரிகள் பயந்து ஓடுவதுபோல நடிக்கிறார்கள். அவன் பின்தொடர்ந்து யாரும் நெருங்க முடியாத மலையிடுக்குகளுக்குள் போய் மாட்டிக்கொள்கிறான். பெரும்பகுதிப் படையோடு சாகிறான். வயது 40, ஆட்சியின் பதினைந்தாவது வருடம். ஜெயித்தவன் பிரிடே, பிலியின் மகன். அன்றிலிருந்து ஆங்கிலேயரின் நம்பிக்கையும் பலமும் வற்றத் தொடங்கின, பிக்டுகள் இழந்த நிலத்தை மீட்டுக்கொண்டார்கள் என்கிறார் பீட். தோற்றவர்கள் தரப்பு எழுத்தாளர் இவ்வளவு நேர்மையாக எழுதியது பெரிய விஷயம். எக்ஃப்ரித் ஜெயித்திருந்தால் ஸ்காட்லாந்து என்ற நாடு உருவாகியிருக்குமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஒற்றைப் போரின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது புரிகிறது.

இங்கே இன்னொரு கல்லைச் சொல்லியாக வேண்டும். வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ என்ற ஊரில் புனித பவுல் தேவாலயச் சுவரில், அந்தத் தேவாலயத்தைத் திறந்துவைத்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. லத்தீன் மொழி. தேதி ஏப்ரல் 23, 685. எக்ஃப்ரித் அரசனின் பதினைந்தாம் ஆண்டு, மடாதிபதி கியோல்ஃப்ரித்தின் நான்காம் ஆண்டு என்று வெட்டியிருக்கிறார்கள். இருபத்தேழே நாளில் அந்த அரசன் செத்துப் போனான். அப்போது பன்னிரண்டு வயதுப் பையனான பீட் ஏற்கெனவே இந்தத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தான். நம்ம ஊர் திறப்புவிழாக் கல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை: யார் ஆட்சியில், யார் முயற்சியில், எந்தத் தேதியில். அந்தக் கல்லைப் படிக்கலாம். பெயரும் நாளும் அதுவாகவே சொல்கிறது. அபர்லெம்னோக் கல் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. சொன்னாலும் அது நமக்குப் படிக்கத் தெரியாத குறியீட்டில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர் முடிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு நெக்டன் என்ற பிக்டு அரசன் அதே மடாதிபதி கியோல்ஃப்ரித்துக்கு ஆள் அனுப்புகிறான். ஈஸ்டர் தேதியை ரோமாபுரி எப்படிக் கணக்கிடுகிறது என்று விளக்க வேண்டும், கூடவே ரோமானிய பாணியில் கல்லால் தேவாலயம் கட்டக் கொத்தர்களையும் அனுப்ப வேண்டும் என்று. கியோல்ஃப்ரித் நீண்ட கடிதமும் எழுதினார், ஆட்களையும் அனுப்பினார். பிக்டு நாட்டில் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு, கரட்டுப் பாறையிலிருந்து இழைத்த சிலுவைப் பலகைக்கு, மாற்றம் நடப்பது இந்தக் காலத்தையொட்டித்தான். கல்லறைத் தோட்டத்துக் கல்லின் முன்பக்கத்துப் பின்னல்களையும் கோத்துக்கொண்ட விலங்குகளையும் பார்த்தால் நார்தம்பிரியச் சுவடிகளின் பக்கங்கள் நினைவுக்கு வரும். பின்பக்கத்தில் நார்தம்பிரியனைப் பறவை கொத்துகிறது, முன்பக்கத்தில் அவன் ஊர்ப் பாணியில் சிலுவை. இதைச் செதுக்கியவர்களுக்கு இதில் முரண்பாடு தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

போர் நடந்த இடம் எது? அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகள் 'டூன் நெக்டன்', நெக்டனின் கோட்டை என்கின்றன. பிற்கால ஆங்கிலேயர்கள் 'நெக்டன்ஸ்மியர்', நெக்டனின் ஏரி என்றார்கள். அபர்லெம்னோவுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் டன்னிக்கன் என்று ஒரு குன்று. பெயரின் மூலம் டூன் நெக்டன்தான். அடிவாரத்தில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது, பின்னால் வடித்துவிட்டார்கள். கோட்டை இருக்கிறது, ஏரி இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் போரைச் செதுக்கிய கல்லும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

1991-இல் அந்தக் குன்றில் கல்குவாரி அமைக்க ஒரு விண்ணப்பம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. ஸ்காட்லாந்தைப் பிழைக்கவைத்த போர்க்களம், அதை உடைத்து ஜல்லி ஆக்குவதா என்று எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. நீண்ட பொது விசாரணை நடந்தது. அடுத்த வருடம் ஸ்காட்லாந்துக்கான அமைச்சர் இயன் லாங் அனுமதி மறுத்தார். போர்க்களத்தின் முக்கியத்துவம் மறுப்புக்கு ஒரு பெரிய காரணம். மேல்முறையீடும் எடுபடவில்லை. குன்று தப்பியது.

2006-இல் அலெக்ஸ் வுல்ஃப் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். பீட் சொல்வது நெருங்கமுடியாத மலையிடுக்குகள். ஆனால் டன்னிக்கன் சுற்றுவட்டாரத்தில் மலை என்று சொல்லும்படி ஏதாவது இருக்கிறதா? மென்மையான விளைநிலம் அது. அதே பெயர் மூலம்கொண்ட இன்னொரு இடம் வடக்கே, உயர்மலைப் பிரதேசத்தின் பேடெனாக்கில், இன்ஷ் ஏரிக்கரையில் டனாக்டன் என்று இருக்கிறது. அங்கே மலையும் உண்டு, ஏரியும் உண்டு. அதோடு, பிரிடே ஆண்ட ஃபோர்ட்ரியு என்ற அரசு தெற்கே அல்ல, வடக்கே மோரே கடற்கரையை ஒட்டி இருந்தது என்றும் அவர் வாதாடினார். அந்தப் பகுதி வாதத்தை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். கல்லின் கணக்கும் இடிக்கிறது. கலைப்பாணியை வைத்துப் பார்த்தால் அது எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அல்லது அதற்கும் பிந்தையது. போருக்குக் குறைந்தது ஐம்பது அறுபது வருடம் கழித்து. அப்படியானால் கல்லில் இருப்பது தாத்தா காலத்துப் போரின் நினைவா, வேறொரு போரா, குறிப்பிட்ட எந்தப் போருமில்லாமல் வீரத்தைப் பற்றிய பொதுவான ஒரு சித்திரமா, பைபிள் கதையா? எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

என்னைக் கேட்டால், நினைவுச் சித்திரம் என்பதையே நம்புவேன். யார் தொப்பி அணிந்திருக்கிறார்கள் என்பதில் சிற்பி காட்டும் கவனம் பொதுவான வீரச் சித்திரத்துக்குத் தேவையில்லாதது. வெற்றியைப் பேரன்கள் செதுக்குவதும் உலகத்தில் நடக்காததல்ல. ஆனால் அதற்காகப் போர் பக்கத்துக் குன்றில்தான் நடந்தது என்று ஆகிவிடாது. எது எப்படியோ, குவாரி வரவில்லை. தப்பாகவே இருந்தாலும் ஓர் ஊகம் ஒரு குன்றைக் காப்பாற்றிவிட்டது என்றால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இனி குறியீடுகள். பாம்பு, இரட்டைத்தட்டு, பிறைநிலா மேல் உடைந்த அம்பு, மீன், காளை, ஓநாய், கழுகு, அப்புறம் 'பிக்டிய விலங்கு' என்று பெயர் வைக்கப்பட்ட, டால்ஃபின் மாதிரியும் துதிக்கை தொங்கும் நீச்சல் யானை மாதிரியும் தெரியும் ஒரு பிராணி. எண்ணுகிறவர்களைப் பொறுத்து முப்பது, நாற்பது வகை. வடக்கே ஷெட்லாண்ட் தீவிலிருந்து தெற்கே ஃபைஃப் வரை ஒரே வடிவத்தில், ஒரே ஒழுங்கில். பெரும்பாலும் ஜோடியாக வரும். சில சமயம் ஜோடிக்கு அடியில் கண்ணாடியும் சீப்பும். 2018-இல் கோர்டன் நோபிள் குழுவினர் 'ஆன்டிக்விட்டி' இதழில் எழுதியபடி, இந்த முறை மூன்று, நான்காம் நூற்றாண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. அப்படியென்றால் ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஒரு சமூகம் இதைத் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கிறது. அலங்காரத்துக்காக மட்டும் ஐந்நூறு வருடம் இவ்வளவு கட்டுப்பாட்டோடு இருப்பார்களா?

கேத்தரின் ஃபோர்சித் உள்ளிட்டோர் இது ஒருவகை எழுத்து, ஜோடிகள் பெயர்களைக் குறிக்கலாம் என்கிறார்கள். அக்காலப் பெயர்கள் பல இரண்டு பகுதிகளால் ஆனவை. நம்மூர் 'தமிழ்ச்செல்வன்' போல. ஆக இரண்டு குறியீடு, ஒரு பெயர். 2010-இல் ராப் லீ, பிலிப் ஜொனாதன், பாலின் ஸிமன் மூவரும் 'ராயல் சொசைட்டி' ஆய்விதழில் ஷானன் என்ட்ரோப்பியை வைத்துக் கணக்கிட்டு, பிக்டியக் குறியீடுகள் ஒரு மொழியைத்தான் எழுதுகின்றன என்று அறிவித்தார்கள். செய்தித்தாள்கள் கொண்டாடின.

என்ட்ரோப்பி என்பது பெரிய மாயமில்லை. தமிழில் ஒரு சொல்லில் 'ங்' வந்துவிட்டால் அடுத்து 'க' வரிசைதான் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 'ஞ்' வந்தால் 'ச' வரிசை. ஆனால் 'அ' வந்தால் அடுத்தது எதுவும் வரலாம். ஓர் எழுத்து தெரிந்தபின் அடுத்ததை ஊகிப்பதில் மிச்சமிருக்கும் திண்டாட்டத்தின் அளவுதான் என்ட்ரோப்பி. எந்த மொழியிலும் இது முழு ஒழுங்குக்கும் முழுக் குழப்பத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். கைபேசியின் விசைப்பலகை அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பதும் இந்தத் தத்துவத்தில்தான்.

இதே கணக்கு அதற்கு முந்தைய வருடம் நமக்கு ரொம்ப வேண்டிய ஓர் இடத்தில் போடப்பட்டது. 2009-இல் 'சயன்ஸ்' இதழில் ராஜேஷ் ராவ் தலைமையில் வந்த ஆய்வு சிந்துவெளி எழுத்துகளின் என்ட்ரோப்பியைச் சங்கத் தமிழ், ரிக்வேத சமஸ்கிருதம், சுமேரியம், ஆங்கிலம் ஆகியவற்றோடும், மொழியல்லாத டிஎன்ஏ, புரதங்கள், ஃபோர்ட்ரான் நிரல் ஆகியவற்றோடும் ஒப்பிட்டது. சிந்துக் குறிகள் மொழிகளின் பக்கத்தில் வந்து நின்றன. அந்த ஆய்வில் இணையாசிரியர் ஐராவதம் மகாதேவன். அவர் 1977-இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்புதான் தரவு. சிந்துக் குறிகள் எழுத்தே அல்ல என்று 2004-இல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்ஸல் மூவரும் கிளப்பிய பிரச்சினைக்கு இது பதிலாகப் பார்க்கப்பட்டது.

அந்த ஸ்ப்ரோட் கணினி மொழியியலாளர். அவர் இரண்டு ஆய்வுகளையும் ஒன்றாகச் சேர்த்தே அடித்தார். பிக்டுக் கல்லும் மொகஞ்சதாரோ முத்திரையும் ஒரே வழக்கில் பிரதிவாதிகளாக நின்றது அப்படித்தான். அவர் வாதம் எளிமையானது. மொழியல்லாத குறியீடுகளுக்கும் ஒழுங்கு உண்டு. குலமரபுக் கம்பங்களில் செதுக்கிய உருவங்கள், மெசபடோமிய எல்லைக்கற்களில் உள்ள தெய்வச் சின்னங்கள், ஏன், வானிலை அறிக்கையில் வரிசையாக வரும் சூரியன், மேகம், மழைப் படங்கள்கூட. மழைப் படத்துக்கு அடுத்த நாள் மழைப் படம் வர வாய்ப்பு அதிகம். அதனால் அது மொழி ஆகிவிடுமா? 2014-இல் 'லாங்வேஜ்' இதழில் இவற்றையெல்லாம் தொகுத்து லீ குழுவினரின் அளவுகோலை ஓட்டிக் காட்டினார். பெரும்பாலானவற்றை அது 'மொழி' என்று சொல்லியது. இரு தரப்பும் பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டன.

இந்தச் சண்டையில் நான் ஸ்ப்ரோட் பக்கம். அவர் முடிவுக்காக அல்ல, கணக்குக்காக. மொத்தமே சில நூறு குறியீடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. அதில் ஜோடிகளின் நிகழ்தகவைக் கணக்கிட்டால் வரும் எண்ணை எந்தப் பொறியாளரும் தன் மேலாளரிடம் தைரியமாகக் கொண்டுபோக மாட்டான். சிந்து முத்திரைகளும் சராசரியாக ஐந்து குறிகள்தான். என்ட்ரோப்பி 'இது மொழி அல்ல' என்று சொல்ல உதவலாம். 'இது மொழி' என்று சொல்ல அதற்குத் தகுதி போதாது. ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. எழுத்தா இல்லையா என்ற கேள்விக்கு இவ்வளவு சூடு ஏன்? எழுத்து என்று தீர்ந்தால் நாகரிகம், இல்லை என்றால் கிறுக்கல் என்று நாம் உள்ளுக்குள் ஒரு தராசை வைத்திருக்கிறோம். சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக முதல்வர் ஸ்டாலின் 2025 ஜனவரியில் சென்னையில் அறிவித்தபோதும் அந்தத் தராசுதான் மேடையில் இருந்தது. ஸ்காட்லாந்தில் பணம் இல்லை, தராசு அதேதான்.

பிக்டுகளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. அபர்லெம்னோவிலிருந்து தென்கிழக்கே, ஆர்ப்ரோத்தை ஒட்டிய செயின்ட் விஜின்ஸ் என்ற ஊரில் ஒரு கல். ஒருபக்கம் சிலுவை, மறுபக்கம் வேட்டையும் குறியீடுகளும். பக்கவாட்டில் சின்னதாக நாலு வரி லத்தீன் எழுத்தில் ட்ரோஸ்டன், உவோரெட், ஃபோர்கஸ் என்று மூன்று பெயர்கள். அயர்லாந்தின் ஓகம் கோட்டெழுத்திலும் வடக்கே கல்வெட்டுகள் உண்டு. எழுத்து கையில் இருக்கும்போதே குறியீடுகளையும் விடாமல் செதுக்கினார்கள். எழுத்தால் செய்ய முடியாத ஏதோ ஒன்றை அவை செய்திருக்க வேண்டும். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் விவரம் எல்லாம் எழுத்தில் இருக்கும்போதே மேலே பிள்ளையார் சுழியும் மூலையில் மஞ்சளும் எதற்கு?

சீப்பும் கண்ணாடியும் பெண்ணைக் குறிக்கும் என்று ஒரு விளக்கம் பல காலமாக ஓடுகிறது. வடக்கே ராஸ் கடற்கரையில் இருந்த ஹில்டன் ஆஃப் கேட்பால் கல்லை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள்: வேட்டைக்கு நடுவே குதிரைமேல் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு சீமாட்டி, பக்கத்தில் கண்ணாடியும் சீப்பும். அந்தக் கல்லுக்கு நடந்தது தனிக்கதை. 1676-இல் அதன் சிலுவைப் பக்கத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு, அலெக்சாண்டர் டஃப் என்பவருக்கும் அவருடைய மூன்று மனைவிகளுக்குமாகக் கல்லறை வாசகம் வெட்டினார்கள். பிறகு ஒரு கோட்டைத் தோட்டத்துக்கு அலங்காரமாகப் போனது. 1921-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட, எடின்பரோவில் கூச்சல் எழுந்து அதே வருடம் திரும்ப வந்தது. 2001-இல் பழைய இடத்தில் தோண்டியபோது அடிப்பகுதியும், சிலுவையைச் செதுக்கித் தள்ளியபோது சிதறிய ஆயிரக்கணக்கான சில்லுகளும் கிடைத்தன. இதைத் தலைநகர மியூசியத்துக்கு விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் சண்டை போட்டார்கள். மேற்பாதி எடின்பரோவில், அடிக்கல் ஊரில்.

அபர்லெம்னோவிலும் எல்லாம் ஊரில் தங்கவில்லை. 1961-இல் ஃப்ளெமிங்டன் பண்ணையில் உழும்போது கிடைத்த கல் டண்டி நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. வயலில் நிற்கும் கல் வருடாவருடம் கொஞ்சம் தேயும், பெட்டி போட்டாலும் தேயும், மியூசியத்தில் தேயாது. ஆனால் பாம்புக்கல்லின் பின்பக்கத்துக் குழிகளும், அது நிற்கும் மேடும், அங்கிருந்து தெரியும் பள்ளத்தாக்கும் சேர்ந்துதான் அந்தக் கல். ஃபாரஸ் நகரத்தில் ஆறரை மீட்டர் உயரமுள்ள ஸ்வெனோ கல்லுக்குக் கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள், நின்ற இடத்திலேயே. பாதுகாப்பான வழிதான், பார்க்க ஏதோ நகைக்கடைக் காட்சிப்பெட்டி போல இருக்கும். எனக்கு அபர்லெம்னோவின் மரப்பெட்டியே பிடித்திருக்கிறது. ஒரு கிராமத்தால் செய்ய முடிந்த அளவு அது.

2020-இன் தொடக்கத்தில், கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன், அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோபிளின் குழு அபர்லெம்னோவை ஒட்டிய ஒரு வயலில் நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்று கருவி வைத்து அளந்துகொண்டிருந்தது. ஏதோ குடியிருப்பின் தடயம்போலத் தெரிய, சின்னதாக ஒரு சோதனைக் குழி போட்டார்கள். கல் தட்டியது. மண்ணைத் துடைத்தால் செதுக்கிய கோடு. உடனே ஊரடங்கு வந்துவிட்டது. காத்திருந்து பிறகுதான் முழுதாக எடுக்க முடிந்தது. 1.7 மீட்டர் நீளம். பிறை, இரட்டைத்தட்டு, மூன்று நீள்வட்டம், பிறகு அதே சீப்பும் கண்ணாடியும். எல்லாம் ஒரே நாளில் ஒரே கை போட்டதில்லை. வெவ்வேறு காலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு பெயரின்மேல் இன்னொரு பெயரா, ஒரு குடும்பத்தின்மேல் இன்னொரு குடும்பமா, யார் கண்டது.

அந்தக் கல் நின்ற நிலையில் இல்லை. பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கட்டடத்தின் தளத்தில் பதித்திருந்தார்கள். பிக்டு என்ற பெயரே மறைந்து இருநூறு வருடம் ஆகியிருந்த காலம். நல்ல தட்டையான கல், தளத்துக்குத் தோதாக இருந்திருக்கிறது, போட்டு நடந்திருக்கிறார்கள்.